பூச்சாண்டிக்கு ஃபிளாஷ்பேக் கிடையாது: ‘ஹாலோவீன்’ வழியே ஸ்லாஷர் படங்களுக்கு ஓர் அறிமுகம்

பட்டப்பகல். லாரி என்ற பள்ளி மாணவி தன் அறை ஜன்னல் வழியாக வெளியே பார்க்கிறாள். பக்கத்து வீட்டுக் கொல்லையில் கொடியில் துணி காய்ந்துகொண்டிருக்கிறது. காற்றில் படபடக்கும் விரிப்புகளுக்கு நடுவே ஒருவன் நின்றுகொண்டு இவளையே பார்க்கிறான். முகம் சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்திருக்கிறது. கேமரா ஒரு கணம் அவள் முகத்துக்கு வந்துவிட்டு மறுபடி கொல்லைக்குப் போகிறது. துணிகள் மட்டும் ஆடுகின்றன. ஆள் இல்லை.

கத்தி இல்லை, ரத்தம் இல்லை, அலறல்கூட இல்லை. ஆனால் 1978-இல் வந்த ‘ஹாலோவீன்’ படத்தில் இன்றைக்கும் என் வயிற்றைப் பிசைகிற இடம் இதுதான்.

ஒவ்வோர் அக்டோபர் கடைசியிலும் இந்தப் படத்தை ஒருமுறை போட்டுப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. போன வருடம் பழைய நண்பன் ஒருவன் கூட உட்கார்ந்து பார்த்தான். திகில் படம் என்று சொல்லித்தான் கூப்பிட்டிருந்தேன். அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, “டேய், பேய் எப்படா வரும்?” என்றான்.

பேய் வராது. இது பேய்ப் படம் இல்லை. திகில் படங்களில் ‘ஸ்லாஷர்’ என்று ஒரு கிளை உண்டு, அதைச் சேர்ந்தது. அவனுக்கு அன்றைக்கு அரைகுறையாகச் சொன்னதை இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்லிப் பார்க்கிறேன். கதையை முடிவு வரைக்கும் சொல்லப்போகிறேன். படம் வந்து நாற்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது என்றாலும், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

ஏன் கத்தி, ஏன் துப்பாக்கி இல்லை?

‘ஸ்லாஷ்’ என்றால் கூரிய ஆயுதத்தை வீசி வெட்டுவது. பாதி விளக்கம் பெயரிலேயே வந்துவிடுகிறது. ஒரு கொலைகாரன் இருப்பான், பெரும்பாலும் முகமூடியோடு. ஊரை விட்டுத் தள்ளி ஓர் இடமோ, அல்லது அமைதியான ஒரு தெருவோ இருக்கும். பண்டிகை நாளாகவோ விடுமுறை நாளாகவோ இருக்கும். இளவட்டக் கூட்டம் ஒன்று தன் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டிருக்கும். ஒவ்வொருவராகக் காணாமல் போவார்கள். கடைசியில் ஒரு பெண் மட்டும் மிஞ்சி அவனை எதிர்கொள்வாள். கதை என்று பார்த்தால் அவ்வளவுதான், ஒரு தபால் அட்டையில் எழுதிவிடலாம்.

இதில் யோசிக்க வேண்டியது ஆயுதம். துப்பாக்கிக்குத் தூரம் ஒரு பொருட்டில்லை, தெருமுனையில் நின்றே சுட்டுவிடலாம். கத்திக்கு அவன் பக்கத்தில் வந்தாக வேண்டும். கொடி கட்டிய கொல்லையிலிருந்து வாசலுக்கு, வாசலிலிருந்து கூடத்துக்கு, கூடத்திலிருந்து மாடிப்படிக்கு என்று அவன் வந்து சேரும் அந்தத் தூரம்தான் படமே. கத்திக்குத்து என்பது ஒரு நொடி வேலை. அதற்கு முன்னால் இருக்கும் இருபது நிமிடத்தை எப்படி நிரப்புகிறார்கள் என்பதில்தான் நல்ல ஸ்லாஷருக்கும் மட்டமான ஸ்லாஷருக்கும் வித்தியாசம்.

துப்பறியும் கதை நம்மை ‘யார்?’ என்று கேட்க வைக்கும். பேய்ப் படம் ‘ஏன்?’ என்று கேட்க வைக்கும். நம் ஊர்ப் பேய்ப் படங்களை நினைத்துப் பாருங்கள். இடைவேளைக்கு அப்புறம் ஒரு ஃபிளாஷ்பேக் வந்தே தீரும். அந்தப் பெண் உயிரோடு இருந்தபோது யாரோ பெரிய அநியாயம் செய்திருப்பார்கள். அதைப் பார்த்து முடித்ததும் நமக்குப் பேய் மேல் பாவமாகிவிடும். வில்லனை அதுவே கொன்றால் தேவலை என்றுகூடத் தோன்றும். பேய்க்கு ஒரு நியாயம் இருக்கிறது. நியாயம் தீர்ந்ததும் அது போய்விடும்.

ஸ்லாஷரில் முக்கியமான கேள்வி ‘எங்கே?’ என்பதுதான். அவன் இப்போது எங்கே நிற்கிறான்? கதவுக்குப் பின்னாலா, காருக்குள்ளா, ஏற்கெனவே வீட்டுக்குள்ளேயேவா? சில ஸ்லாஷர்கள் ‘யார்?’ என்ற கேள்வியையும் சேர்த்துக்கொள்வதுண்டு. ‘ஹாலோவீன்’ அதைச் செய்வதில்லை. கொலைகாரன் யார் என்பதை முதல் சில நிமிடங்களிலேயே முகத்தோடு காட்டிவிடுகிறது.

அந்த ஒரே இரவு

1963 அக்டோபர் 31, இல்லினாய் மாநிலத்தில் ஹாடன்ஃபீல்ட் என்ற சிற்றூர். ஒரு வீட்டுக்குள் யாரோ நுழைகிறார்கள். அந்த யாரோவின் கண்ணாகத்தான் நாம் இருக்கிறோம். ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறோம், பின்பக்கமாகச் சுற்றிவந்து சமையலறையில் நுழைகிறோம், ஒரு கை இழுப்பறையைத் திறந்து பெரிய கத்தியை எடுக்கிறது, மாடி ஏறுகிறோம். தரையில் கிடக்கும் கோமாளி முகமூடியை அந்தக் கை எடுத்து மாட்டிக்கொண்டதும் திரை முழுக்கக் கறுத்து, இரண்டு ஓட்டைகள் மட்டும் மிஞ்சுகின்றன. அந்த ஓட்டைகள் வழியாகவே கொலையையும் பார்க்கிறோம். பிறகு கீழே இறங்கித் தெருவுக்கு வருகிறோம். காரில் வந்து இறங்கும் ஒருவர் முகமூடியைப் பிடுங்குகிறார். அப்போதுதான் கேமரா முதல்முறையாக வெளியே வந்து நிற்கிறது. கத்தியோடு நிற்பது ஆறு வயதுப் பையன் மைக்கேல் மையர்ஸ். கொன்றது தன் அக்காவை.

பதினைந்து வருடம் கழித்து, 1978 அக்டோபர் 30 இரவு, மனநல மருத்துவமனையிலிருந்து அவன் தப்பிக்கிறான். சொந்த ஊருக்கு வருகிறான். மறுநாள் ஹாலோவீன். கதை நடப்பது கிட்டத்தட்ட அந்த ஒரு நாளில்தான்.

இங்கே இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொண்டால் படம் இன்னும் நன்றாகப் பிடிபடும். முதலாவது, பண்டிகை. கிறிஸ்தவர்களுக்கு நவம்பர் 1 புனிதர் அனைவரின் பெருவிழா. மறுநாள்தான் நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் மெழுகுவத்தியோடு போகும் கல்லறைத் திருநாள். பெருவிழாவுக்கு முந்தின இரவு ஹாலோவீன். அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பக்கத்துப் பழைய விழாவான ‘சாவின்’ (Samhain) இதற்கு வேர் என்பார்கள். குடியேறியவர்களோடு அமெரிக்கா போன பிறகு பூசணிக்காயைக் குடைந்து விளக்கு வைப்பதும், பிள்ளைகள் வேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய் வாங்குவதுமாக மாறிவிட்டது. வருடத்தில் அந்த ஓர் இரவில் மட்டும் முகமூடி போட்டு ஒருவன் தெருவில் நின்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஒரு பெண் அலறினாலும் ‘பிள்ளைகள் விளையாடுகிறார்கள்’ என்று விட்டுவிடுவார்கள். கொலைகாரனுக்கு இதைவிட வசதியான நாள் கிடையாது.

இரண்டாவது, பேபிசிட்டர். அப்பா அம்மா இரவு வெளியே போகும்போது, தெருவில் இருக்கும் பள்ளி வயதுப் பெண்ணுக்குக் கொஞ்சம் காசு கொடுத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்வது அமெரிக்கப் புறநகர்களில் சாதாரணம். பாட்டியும் சித்தியும் கூடவே இருக்கும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றலாம். பெரியவர்கள் யாருமில்லாத வீட்டில் பெரியவர் வேலையைப் பார்க்கும் சிறு பெண் என்பதுதான் இந்தப் படத்தின் விதை. இர்வின் யாப்ளான்ஸ் என்ற விநியோகஸ்தர், பேபிசிட்டர்களைப் பின்தொடரும் கொலைகாரன் என்ற யோசனையோடுதான் இயக்குநர் ஜான் கார்ப்பென்டரிடம் வந்தார். முதலில் வைத்த பெயர்கூட ‘பேபிசிட்டர் கொலைகள்’ என்ற பொருளில்தான் இருந்தது. பிறகு யாப்ளான்ஸே எல்லாம் ஹாலோவீன் இரவில் நடக்கட்டும் என்றார். கார்ப்பென்டரும் தயாரிப்பாளர் டெப்ரா ஹில்லும் சேர்ந்து திரைக்கதை எழுதினார்கள். பெண்கள் பள்ளி விட்டு வரும்போது பேசும் பேச்சு பெரும்பாலும் ஹில் எழுதியது. ஊர்ப் பெயரும் அவர் தந்ததுதான். நியூஜெர்சியில் அவர் வளர்ந்த ஊரின் பெயர் ஹாடன்ஃபீல்ட்.

மூன்று லட்சம் டாலரும் ஒரு பை நிறையக் காகித இலைகளும்

செலவு சுமார் 3 லட்சம் டாலர். ஹாலிவுட் கணக்கில் அது பெட்டிக்கடை முதலீடு. படப்பிடிப்பு மூன்று வாரம் சொச்சம். கதையில் இலையுதிர்காலம், இல்லினாய். எடுத்ததோ வசந்த காலத்தில், கலிபோர்னியாவின் தெற்கு பாசடீனாவிலும் ஹாலிவுட்டிலும். மரமெல்லாம் பச்சைப் பசேலென்று இருந்ததால், காகித இலைகளுக்குப் பழுப்பு நிறம் அடித்துத் தெருவில் தூவி, ஷாட் முடிந்ததும் பொறுக்கி மூட்டை கட்டி, அடுத்த தெருவில் மறுபடி தூவினார்கள். இரண்டாம் முறை பார்க்கும்போது சில ஷாட்டுகளின் ஓரத்தில் பனைமர வகைகள் தலைகாட்டுவதைக் கவனிக்கலாம். இல்லினாயில் பனைமரமா என்று கேட்கக் கூடாது.

முகமூடிக் கதை இன்னும் சுவாரசியம். கலை இயக்குநர் டாமி லீ வாலஸ் கடைக்குப் போய் இரண்டு டாலருக்கும் குறைவான விலையில் ஒரு ரப்பர் முகமூடி வாங்கி வந்தார். ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரின் கேப்டன் கிர்க், அதாவது நடிகர் வில்லியம் ஷாட்னரின் முகம். புருவத்தையும் கிருதாவையும் பிய்த்தார், கண் ஓட்டைகளைப் பெரிதாக்கினார், வெள்ளை அடித்தார். அவ்வளவுதான். மனித முகம்தான், ஆனால் அதில் கோபமில்லை, வெறியில்லை, ஒன்றுமே இல்லை. கோரைப்பல்லும் சிவப்புக் கண்ணும் வைத்திருந்தால் இன்றைக்கு நாம் சிரித்துக்கொண்டிருப்போம்.

முகமூடிக்குள் இருந்தவர் கார்ப்பென்டரின் திரைப்படக் கல்லூரி நண்பர் நிக் காசில். நாளுக்கு 25 டாலர் கூலி. நடிப்பு என்று பெரிதாக ஒன்றும் சொல்லித் தரவில்லை, சும்மா நட என்றார்களாம். படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது பாருங்கள், அவருக்கு நேராக ‘மைக்கேல்’ என்று இருக்காது. ‘உருவம்’ என்ற பொருளில் ஒரு சொல் இருக்கும். அவன் ஓர் ஆளாக இல்லாமல், கண்ணோரத்தில் தட்டுப்படும் வடிவமாக இருந்தால் போதும் என்று நினைத்திருக்கிறார்கள்.

இவ்வளவு சிக்கனத்திலும் ஒன்றில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. பனாவிஷன் கேமராவும் அகலத்திரை லென்ஸும் வாடகைக்கு எடுப்பதற்கே பட்ஜெட்டில் கணிசமான பகுதி போனது. ஏன் என்பதை இனிதான் சொல்ல வேண்டும்.

திரையின் ஓரங்களைப் பாருங்கள்

அகலத்திரை என்றால் மலை, பாலைவனம், போர்க்களம் என்றுதான் பலரும் நினைப்போம். கார்ப்பென்டரும் ஒளிப்பதிவாளர் டீன் கண்டியும் அதை ஒரு கூடத்துக்கும் சமையலறைக்கும் பயன்படுத்தினார்கள். லாரி திரையின் ஒரு பக்கத்தில் நிற்பாள். மீதி முழுக்கக் காலி: ஒரு கதவு, இருட்டு நடை, ஒரு ஜன்னல். அந்தக் காலி இடத்தில் எதுவும் நடக்காது. பத்துத் தடவை நடக்காது. ஆனால் பதினோராவது தடவை நடக்கலாம் என்று நம் கண் அங்கேயே போய் ஒட்டிக்கொள்ளும். கதாபாத்திரம் பேசுவதைக் கேட்காமல் அவள் தோளுக்குப் பின்னால் இருக்கும் இருட்டை நாம் துழாவிக்கொண்டிருப்போம். பயத்தை உண்டாக்கும் வேலையை நம் தலையிலேயே கட்டிவிடுகிறார் மனிதர்.

இதற்கு அடுத்த படி, நமக்குத் தெரிவது அவர்களுக்குத் தெரியாமல் இருப்பது. லாரியின் தோழி ஆனி ஒரு வீட்டில் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறாள். காதலனை அழைத்துவரக் கிளம்பிக் காருக்கு வருகிறாள். கதவு பூட்டியிருக்கிறது. சாவியை எடுக்க மறுபடி வீட்டுக்குள் போகிறாள். பாட்டை முணுமுணுத்துக்கொண்டே திரும்பி வந்து கதவைத் திறக்கிறாள், திறந்துகொள்கிறது. சாவி போட்டுத் திறக்கவில்லை! அவளுக்கு அது உறைக்கவில்லை. உள்ளே உட்கார்ந்த பிறகுதான் கண்ணாடியில் ஆவி படிந்திருப்பதைப் பார்க்கிறாள். விரலால் தொட்டுப் பார்க்கிறாள். உள்பக்கம் படிந்திருக்கிறது. அப்படியானால் பூட்டிய காருக்குள் யாரோ வெகுநேரமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அடுத்த நொடி என்ன என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் கவனியுங்கள், இந்தக் காட்சியின் பயம் முழுவதும் ஒரு கார்க் கதவிலும் கொஞ்சம் நீராவியிலும் இருக்கிறது. மொத்தப் படத்திலும் சாகிறவர்கள் ஐந்து பேர்தான், அதிலும் ஒரு கொலை நம் கண்ணில் படாமலேயே நடந்துவிடுகிறது. ரத்தம் சொட்டு சொட்டாகத்தான் இருக்கிறது. பார்த்தவர்களிடம் பத்து வருடம் கழித்துக் கேட்டால், பயங்கர ரத்தக்களரிப் படம் என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, அவர்களே மனதுக்குள் ஊற்றிக்கொண்ட ரத்தம் அது.

எல்லாவற்றுக்கும் உச்சம், லாரி தோழிகளின் உடல்களைக் கண்டுபிடிக்கும் இடம். அழுதுகொண்டே நடையில் வந்து சுவரில் சாய்கிறாள். பக்கத்தில் ஒரு கதவு, உள்ளே மையிருட்டு. யாரும் பாயவில்லை. அந்த இருட்டிலிருந்து வெள்ளை முகம் மெல்ல, மிக மெல்ல, கரைந்து மேலே வருகிறது. அவன் அங்கே வந்து நிற்கவில்லை, ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தான். மறைத்து வைத்த சிறு விளக்கின் வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி இதைச் செய்தார்கள். இன்றைய கணினி வித்தைகளால் இதைவிடச் சிறப்பாக ஒன்றும் செய்துவிட முடியாது என்பது என் கட்சி.

தொடக்கத்தில் சொன்ன, கொலைகாரன் கண்ணாலேயே பார்க்கும் ஷாட்டுக்கும் இதே நோக்கம்தான். ஏறத்தாழ நான்கு நிமிடம், வெட்டே இல்லாதது போல ஓடும். ஆளின் உடம்பில் மாட்டிக்கொண்டு, குலுங்காமல் நடந்தபடியே படம் எடுக்க உதவும் பனாகிளைடு என்ற கருவி அப்போது புதுசு. கத்தியை எடுக்கும் சின்னக் கை, தயாரிப்பாளர் டெப்ரா ஹில்லுடையது. இந்த நான்கு நிமிடம் மனதில் ஏறிய பிறகு, படத்தில் கேமரா எப்போது மெல்ல மிதந்தாலும் நமக்குச் சந்தேகம் வந்துவிடும்: இப்போது பார்ப்பது கேமராவா, அவனா?

தகிட தகிட தகதக

இசை இல்லாமல் இந்தப் படத்தை முதலில் ஒரு ஸ்டூடியோ நிர்வாகிக்குப் போட்டுக் காட்டினார்கள். கொஞ்சமும் பயமாக இல்லை என்று சொல்லிவிட்டாராம். கார்ப்பென்டர் தானே உட்கார்ந்து, மூன்றே நாளில் பியானோவிலும் சிந்தசைசரிலும் இசையை முடித்தார்.

முகப்பு இசையைக் கேட்டால் எதனாலோ நிலைகொள்ளாமல் இருக்கும். காரணம் தாளம். நம் காது பழகிய நாலு எண்ணிக்கை இல்லை, ஐந்து. நம் இசைக்காரர்கள் கண்டம் என்று சொல்லும் கணக்கு. தொடையில் தட்டிப் பாருங்கள்: தகிட தகிட தகதக, தகிட தகிட தகதக. பத்து அடி, இரண்டு ஐந்து. முடிந்தது என்று நினைக்கும் இடத்தில் முடியாமல் ஒரு அடி நீண்டு, அதற்குள் மறுபடி ஆரம்பித்துவிடும். யாரோ விடாமல் பின்னாலேயே நடந்து வருவது போல. சின்ன வயதில் போங்கோ கற்றுக்கொடுத்தபோது அப்பா சொல்லித்தந்த தாளம் இது என்று கார்ப்பென்டர் சொல்லியிருக்கிறார். வாசித்தவர்கள் என்று படத்தில் ‘பௌலிங் கிரீன் ஃபில்ஹார்மோனிக்’ என்று ஒரு பெரிய இசைக்குழுப் பெயர் ஓடும். அப்படி ஒரு குழுவே வாசிக்கவில்லை. பௌலிங் கிரீன், கார்ப்பென்டர் வளர்ந்த ஊர். தன் சிந்தசைசருக்கு அவர் வைத்த செல்லப்பெயர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவன் ஏன் கொல்கிறான்?

படம் பாதி போனதும் நண்பன் கேட்ட இரண்டாவது கேள்வி இது. “சரி, இவனுக்கு என்ன பிரச்சினை?”

அதற்குப் பதில் படத்தில் இல்லை. அவனுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் லூமிஸ், டொனால்ட் பிளெசன்ஸ் நடித்த பாத்திரம், எட்டு வருடம் அவன் மனதை எட்டிப்பிடிக்க முயன்றேன், அடுத்த ஏழு வருடம் அவனை வெளியே விடாமல் இருக்கப் பாடுபட்டேன் என்கிறார். படித்த மருத்துவரே கடைசியில் ‘தீமை’ என்ற பழைய சொல்லில் போய் நிற்கிறார். அவன் லாரியைப் பின்தொடர்வதற்குக் காரணம்கூட அற்பம். வீட்டுத் தரகரான அப்பா சொன்னபடி, பாழடைந்த மையர்ஸ் வீட்டு வாசலில் ஒரு சாவியை வைக்க அவள் வருகிறாள். அவன் உள்ளேயிருந்து பார்க்கிறான். அவ்வளவே. வேறு யார் வந்திருந்தாலும் அவர்கள் பின்னால் போயிருப்பான்.

லாரி பார்த்துக்கொள்ளும் சிறுவன் டாமி, இந்த விஷயத்தில் டாக்டரைவிடத் தெளிவு. அவன் பயப்படுவது பூச்சாண்டிக்கு. எதிர் வீட்டு வாசலில் பூச்சாண்டி நிற்கிறது என்று திரும்பத் திரும்பச் சொல்கிறான், யாரும் நம்பவில்லை. சோறு ஊட்டும்போது நம் அம்மாக்கள் சொன்ன பூச்சாண்டிக்கு என்றைக்காவது பூர்வகதை கேட்டிருக்கிறோமா? அது இருட்டில் இருக்கும், வரும், பிடித்துக்கொண்டு போகும். காரணம் தெரிந்துவிட்டால் அது பூச்சாண்டி இல்லை.

இதனால்தான் 1981-இல் வந்த இரண்டாம் பாகத்தின் மேல் எனக்கு மனத்தாங்கல். லாரி அவனுடைய தங்கை என்று அதில் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்கள். எழுதியவர்கள் அதே கார்ப்பென்டரும் ஹில்லும்தான், கார்ப்பென்டரே பின்னால் அதை நினைத்து நொந்துகொண்டார். யாரையும் தேடி வரக்கூடியவன், குடும்பத் தகராறுக்காக வருகிறவன் ஆகிவிட்டான். பின்னால் வந்த பல பாகங்கள் அந்த நூலையே பிடித்துக்கொண்டு ஏதேதோ நெய்தன. நாற்பது வருடம் கழித்து, 2018-இல் வந்த படம் அந்த உறவைத் துணிந்து தூக்கி எறிந்துவிட்டு, முதல் படத்திலிருந்து நேராகக் கதையைத் தொடர்ந்தது. பிழைத்தோம்.

கடைசியில் மிஞ்சும் பெண்

லாரியாக நடித்த ஜேமி லீ கர்டிஸுக்கு அப்போது வயது பத்தொன்பது, முதல் சினிமா. அவருடைய அம்மா ஜேனட் லீ. ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’வில், 1960-இல், குளியலறையில் குத்துப்பட்டுச் செத்தவர். அம்மா சாக, பதினெட்டு வருடம் கழித்து மகள் பிழைத்தாள் என்று ரசிகர்கள் சொல்லிச் சொல்லி மகிழ்வார்கள். டாக்டர் லூமிஸ் என்ற பெயரும் ‘சைக்கோ’வின் ஒரு பாத்திரத்திடம் வாங்கியதுதான்.

இப்படிக் கடைசியில் மிஞ்சி எதிர்த்து நிற்கும் பெண்ணுக்கு ‘ஃபைனல் கேர்ள்’ என்று பெயர் வைத்தவர் கரோல் குளோவர் என்ற அமெரிக்கப் பேராசிரியர், 1987-இல். இந்தப் படங்களைப் பார்க்கிறவர்களில் இளைஞர்கள் அதிகம். தொடக்கத்தில் கொலைகாரன் கண்ணால் பார்க்கிற அவர்கள், முடிவில் ஒரு பெண்ணின் கண்ணால் பார்த்து அவளுக்காகப் பதறுகிறார்களே என்பது அவருடைய ஆராய்ச்சிக்கு முக்கியமான புள்ளி. பெண்களை வெட்டிக் காட்டும் கேவலமான படங்கள் என்று ஒரே வீச்சில் தள்ளிவிட முடியாதபடி அவர் செய்தார். அந்தக் குற்றச்சாட்டில் உண்மையே இல்லை என்று நான் சொல்லவில்லை. பின்னால் வந்த நகல்களில் பலவற்றுக்கு அது அப்படியே பொருந்தும்.

ஸ்லாஷரில் காதலனோடு படுக்கைக்குப் போகிறவள் சாவாள், அடக்கமான பெண் பிழைப்பாள் என்று ஒரு ‘விதி’யும் சொல்வார்கள். ‘ஹாலோவீன்’ மேல்தான் இந்தப் பழி முதலில் விழுந்தது. கார்ப்பென்டர் அதை மறுத்தே வந்திருக்கிறார். திரும்பப் பார்த்தால் அவர் பக்கம் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. லாரியும் ஆனியோடு காரில் கஞ்சா பிடித்துக்கொண்டுதான் போகிறாள். அவள் ஒன்றும் கோயில் குத்துவிளக்கு இல்லை. தோழிகளுக்குக் கவனம் காதலர்கள் மேல், அவள் தனிமையில் இருப்பதால் சுற்றிலும் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வகுப்பில் உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே நிற்கும் காரைப் பார்க்கிறாள், வேலி ஓரத்தில் ஆளைப் பார்க்கிறாள், கொடித் துணிகளுக்கு நடுவே பார்க்கிறாள். படத்தில் நம்மைப் போலவே திரையின் ஓரங்களைக் கவனிக்கிற ஒரே பெரிய பெண் அவள்தான். அதனால் பிழைக்கிறாள்.

அதற்காக எல்லாம் ஒழுங்கு என்று சொல்ல வரவில்லை. அவனைக் குத்திய பிறகு, ஒவ்வொரு தடவையும் கத்தியைப் பக்கத்திலேயே போட்டுவிட்டு அவள் திரும்பி உட்காரும்போது திரையைப் பார்த்துக் கத்தாத ஆளே இருக்க முடியாது. ஆறு வயதில் அடைபட்டவன் கார் ஓட்ட எங்கே கற்றுக்கொண்டான் என்ற ஓட்டையைப் படமே கேட்டுவிட்டு, யாராவது சொல்லிக்கொடுத்திருப்பார்கள் என்று ஒரு வரியில் தப்பித்துவிடுகிறது.

முன்னும் பின்னும்

ஸ்லாஷர் ‘ஹாலோவீனில்’ பிறக்கவில்லை. ‘சைக்கோ’ இருக்கிறது. இத்தாலியில் கையுறை போட்ட கொலைகாரர்களை வைத்து ‘ஜியாலோ’ என்ற வகைப் படங்கள் அறுபதுகளிலிருந்தே வந்தன. 1974-இல் கனடாவில் ‘பிளாக் கிறிஸ்துமஸ்’ பண்டிகை நாளையும் கொலைகாரன் பார்வையையும் சேர்த்துக் காட்டிவிட்டது. அதே வருடம் ‘டெக்சாஸ் செயின்சா மாசகர்’ வந்தது. கார்ப்பென்டர் செய்தது இவற்றையெல்லாம் சுருக்கி, யாரும் திருப்பிச் செய்யக்கூடிய எளிய வாய்ப்பாடு ஆக்கியது. படம் 1978 அக்டோபர் 25-இல் கன்சாஸ் சிட்டியில் முதலில் வெளியாகி, வாய்வழிப் பேச்சிலேயே பரவி, உலகம் முழுக்கச் சுமார் 7 கோடி டாலர் வசூலித்தது. மூன்று லட்சம் போட்டு ஏழு கோடி! சும்மா இருப்பார்களா? 1980-இல் ‘ஃப்ரைடே தி தேர்டீன்த்’ வந்தது, அப்புறம் காதலர் தினம், பட்டமளிப்பு விழா என்று காலண்டரில் ஒரு நாள் விடாமல் கத்தி எடுத்தார்கள். ரத்தம் கூடியது, காத்திருப்பு குறைந்தது. 1984-இல் ‘எ நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட்’ கொலைகாரனைக் கனவுக்குள் கொண்டுபோனது. 1996-இல் ‘ஸ்க்ரீம்’ வந்தபோது, பாத்திரங்களே டிவியில் ‘ஹாலோவீன்’ பார்த்துக்கொண்டு ஸ்லாஷர் விதிகளைப் பற்றி அரட்டை அடிக்கும் அளவுக்கு எல்லாம் பழகிப்போயிருந்தது. 2006-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், பாதுகாக்க வேண்டிய படங்களின் பட்டியலில் ‘ஹாலோவீனை’ச் சேர்த்தது.

அதே 1978 அக்டோபர் கடைசி வாரத்தில்தான் தமிழ்நாட்டில் பாரதிராஜாவின் ‘சிகப்பு ரோஜாக்கள்’ வெளியானது. ஒருவரை ஒருவர் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை. ஆனால் அதிலும் ஒரு வீடு, ஒரு கொலைகாரன், உள்ளே மாட்டிக்கொண்ட ஒரு பெண். நம் படம் அவனுக்கு ஒரு ஃபிளாஷ்பேக் கொடுத்தது.

முதல் தடவை பார்க்கப்போகிறவர்களுக்கு ஒன்றிரண்டு வார்த்தை. கையில் போனை வைத்துக்கொண்டு பார்த்தால் இந்தப் படம் செத்துவிடும். நீங்கள் குனிந்த நேரத்தில்தான் அவன் ஓரத்தில் நின்றிருப்பான். பக்கங்களை வெட்டித் திரையை நிரப்பிய பிரதியைத் தொடவே வேண்டாம். முதல் ஒரு மணி நேரம் மெதுவாகத்தான் போகும். பிள்ளைகள் தூங்கின பிறகு போடுங்கள்.

முடிவுக்கு வருவோம். லாரி கம்பளி பின்னும் ஊசியால் குத்துகிறாள், அலமாரிக்குள் ஒளிந்துகொண்டு கம்பி ஹேங்கரை நிமிர்த்திக் கண்ணில் குத்துகிறாள், அவன் கத்தியாலேயே அவனைக் குத்துகிறாள். ஒவ்வொரு முறையும் எழுந்துவிடுகிறான். டாக்டர் லூமிஸ் ஓடிவந்து ஆறு குண்டுகளையும் சுடுகிறார். அவன் மாடியிலிருந்து புல்வெளியில் விழுகிறான். அது பூச்சாண்டிதானா என்று லாரி கேட்கிறாள். ஆமாம், அதேதான் என்கிறார் டாக்டர். போய் எட்டிப் பார்க்கிறார். புல்வெளி காலி. அவர் முகத்தில் ஆச்சரியம் இல்லை.

பிறகு படம் முழுக்க நாம் பார்த்த இடங்களையே ஒவ்வொன்றாகக் காட்டுகிறார்கள். கூடம். சோபா. மாடிப்படி. எதிர் வீடு. கடைசியாக மையர்ஸ் வீடு. எதிலும் ஆள் இல்லை. மூச்சுச் சத்தம் மட்டும் கூடிக்கொண்டே போகிறது.

திரை இருண்டதும் நண்பன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், “இதுல பயப்பட என்ன இருக்கு, ஆளே இல்லாத வீட்டைக் காட்டி முடிச்சிட்டான்” என்று எழுந்து செருப்பை மாட்டினான். கதவைத் திறந்தான். மாடிப்படி விளக்கு அன்றைக்கு எரியவில்லை. ஒரு நிமிடம் அப்படியே நின்றவன் திரும்பி, “டேய், கீழ கேட் வரைக்கும் கொஞ்சம் வாடா” என்றான்.